கோயம்பேட்டுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

அடுத்த மாதம் வீட்டில் வளைகாப்பு, காலை 10 மணிக்குச் சடங்கு, மதியம் 80 பேருக்குச் சாப்பாடு என்று எழுதியிருக்கிறீர்கள். காய்கறி, பூ, வாழையிலை எல்லாவற்றையும் விடியற்காலையில் கோயம்பேடு போய் வாங்கினால் மிச்சம் பிடிக்கலாமா, இரவு 2 மணிக்கே போனால்தான் நல்ல சரக்கு கிடைக்கும் என்கிறார்களே, நம்மைப் போன்றவர்களுக்குக் கொடுப்பார்களா என்பது உங்கள் கேள்வி. சமையல் ஒப்பந்த வேலையில் இருக்கிறவன் நான். அந்தச் சந்தையோடு நெடுநாள் கொடுக்கல் வாங்கல் உண்டு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். பூவுக்கும் இலைக்கும் கண்டிப்பாகப் போங்கள். காய்கறிக்காக மட்டும் என்றால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 80 பேர் சமையலுக்கு வாங்கும் காயில் அங்கே மிச்சமாகிற பணத்தில் பெரும்பகுதி வண்டி வாடகைக்கும் தூக்குகூலிக்கும் போய்விடும். 300 பேர், 500 பேர் என்றால் கணக்கே வேறு. எப்படியும் பூவுக்காகப் போகத்தான் போகிறீர்கள், அதனால் காயையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், 2 மணிக்கெல்லாம் போக வேண்டாம்.

அது ஏன் என்று புரிய வேண்டுமானால் அந்த நேரத்தில் அங்கே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். லாரிகள் இரவிலேயே வர ஆரம்பித்துவிடும். கோலார், மதனப்பள்ளி பக்கத்துத் தக்காளி, நாசிக் வெங்காயம், மேட்டுப்பாளையம் வழியாக இறங்கும் ஊட்டி கேரட்டும் பீட்ரூட்டும், ஒட்டன்சத்திரத்து முருங்கைக்காய், ஆந்திராவிலிருந்து பச்சை மிளகாய் என்று நள்ளிரவுக்கு மேல் ஒவ்வொன்றாக இறங்கும். அப்போது நடப்பது மூட்டைக் கணக்கு வியாபாரம். வாங்க வருகிறவர்கள் தெருமுனைக் கடைக்காரர்கள், ஓட்டல்காரர்கள், காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கத்துச் சந்தை வியாபாரிகள். விடிவதற்குள் சரக்கோடு ஊர் திரும்பி, காலை 6 மணிக்குக் கடை திறந்தாக வேண்டும் அவர்களுக்கு. கடைக்காரரும் அவர்களும் வருடக்கணக்காகப் பழகியவர்கள். பாதிப் பேரம் கண்ணாலேயே முடிந்துவிடும், பணம் கூட அப்போதே கைமாறாது, நோட்டில் பற்று எழுதிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் நாம் போய் நின்று "பீன்ஸ் ரெண்டு கிலோ" என்று கேட்டால் பதிலே வராது. அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு கிலோ நிறுக்கிற நேரத்தில் அவர் நாலு மூட்டை தள்ளிவிடுவார்.

இன்னொன்றும் உண்டு. தள்ளுவண்டியிலும் கூடையிலும் வைத்துத் தெருத் தெருவாக விற்கிற அம்மாக்கள் அந்த நேரத்தில்தான் வருவார்கள். பலர் காலையில் கடன் வாங்கி, சாயங்காலம் வட்டியோடு திருப்பிக் கொடுக்கிற கணக்கில் ஓடுகிறவர்கள். காலையில் 900 ரூபாய் கையில் வாங்கினால் மாலையில் 1,000 ரூபாயாகத் திருப்பித் தர வேண்டும், இப்படி இருக்கும் அந்த வட்டி. அவர்களுக்கு ஒவ்வொரு நிமிஷமும் காசு. விசேஷத்துக்குக் காய் வாங்கப் போகிற நாம் அந்த வரிசையில் குறுக்கே நிற்க வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

கூட்டம் 5 மணிக்கு மேல் மாறும். மொத்த வியாபாரத்தின் வேகம் அடங்கி, பெட்டியைப் பிரித்துச் சில்லரையாகக் கொடுக்கிறவர்கள் கடை விரிப்பார்கள். 5 மணியிலிருந்து 7 மணி வரை நமக்கான நேரம். தரமும் இருக்கும், நின்று பொறுக்கவும் விடுவார்கள். 8 மணிக்கு மேல் விலை இறங்கும், கூடவே தரமும் இறங்கும். விலை இறங்குவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மண்டியில் இருக்கிற சரக்கு பெரும்பாலும் கடைக்காரருடையது கிடையாது. விவசாயியோ வெளியூர் வியாபாரியோ அனுப்பியதை விற்றுக் கொடுத்து, கமிஷனும் இறக்குகூலியும் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புகிறார். இன்றைய சரக்கு தேங்கினால் ராத்திரி வருகிற லோடை இறக்க இடம் இருக்காது. கீரை, கொத்தமல்லி, தக்காளி, வெண்டை எல்லாம் மறுநாளைக்குத் தாங்காது. அதனால் 9 மணிக்கு "எடுத்துக்கோ அண்ணே, கேட்ட விலைக்கு எடுத்துக்கோ" என்பார்கள். அன்றே சமைத்துவிடுவதாக இருந்தால் அது லாபம்தான். மறுநாள் சமையலுக்கு என்றால் தொடாதீர்கள்.

சாதாரண ஆட்களை உள்ளே விடுவார்களா என்ற சந்தேகம் 2020-இலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். அந்த வருடம் மே மாதம் கொரோனா பரவியதால் சந்தையை மூடி, காய்கறி வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். செப்டம்பர் கடைசியில் திரும்பவும் கோயம்பேட்டிலேயே திறந்தபோது முதலில் மொத்தக் கடைகளுக்கு மட்டும்தான் அனுமதி. அது பழைய கதை. இப்போது யாரும் போகலாம், சில்லரைக் கடைகளே ஏராளம். 1996-இல், பழைய சந்தை இருந்த கொத்தவால்சாவடி நெரிசல் தாங்காமல் சந்தையை இங்கே கொண்டுவந்தபோதே மொத்தக் கடை, சில்லரைக் கடை என்று இரண்டுக்கும் இடம் ஒதுக்கித்தான் கட்டினார்கள். மொத்தம் 3,000-க்கு மேல் கடைகள். காய்கறிக்கும் பழத்துக்கும் பூவுக்கும் தனித்தனி வளாகம். முதல் தடவை போகிறவர்களுக்குத் திசை குழம்பும். ஒவ்வொரு கேட்டுக்கும் நம்பர் உண்டு. எந்த கேட் வழியாக உள்ளே போனீர்கள், வண்டி எந்த கேட் பக்கம் நிற்கிறது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 20 கிலோ பையைத் தூக்கிக்கொண்டு தப்பான கேட்டில் வந்து நின்றால் எரிச்சலாகிவிடும்.

சரி, காய்கறி.

மெனு எழுதாமல் போகக் கூடாது. பொரியலுக்குத் தலைக்கு 75, 80 கிராம் பச்சைக் காய் என்று வைத்துக்கொண்டால் 80 பேருக்கு ஆறு, ஆறரைக் கிலோ. கூட்டுக்கும் ஏறக்குறைய அவ்வளவு. சாம்பார், ரசம், சட்னி எல்லாம் சேர்த்துத் தக்காளி அஞ்சாறு கிலோவுக்கு மேல் தேவைப்படாது. இந்த அளவுக்கு மூட்டையும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். தக்காளிப் பெட்டி சின்னதே 14, 15 கிலோ வரும். வெங்காய மூட்டை 50 கிலோ. "மூட்டையா எடுத்தா விலை கம்மி" என்று யாராவது இழுத்தால் சிரித்துவிட்டு நகருங்கள். அக்கம்பக்கத்தில் நாலு வீடு சேர்ந்து பிரித்துக்கொள்வதாக இருந்தால் மட்டும் மூட்டைக்குப் போகலாம்.

தக்காளியில்தான் ஏமாற்றம் அதிகம். பெட்டியின் மேல் வரிசை எப்போதும் பளபளவென்று, ஒரே அளவில், காம்பு மேலே தெரிய அடுக்கியிருக்கும். அதைப் பார்த்து விலை பேசக் கூடாது. கையை ஓரமாக விட்டு அடியில் இருக்கிற ஒன்றை எடுங்கள். லாரியில் ராத்திரி முழுக்க மேல் பாரத்தைத் தாங்கி வந்தது அதுதான். அது நசுங்காமல், விரலில் ஈரம் ஒட்டாமல் வந்தால் பெட்டி நல்ல பெட்டி. கை ஈரமானால் உள்ளே ஒன்றிரண்டு வெடித்திருக்கிறது என்று அர்த்தம், சாயங்காலத்துக்குள் சுற்றியிருக்கிற பத்தும் போய்விடும். ஒழுங்கான கடைக்காரர் கேட்டால் பெட்டியைத் தட்டில் கவிழ்த்தே காட்டுவார். மறுநாள் சமையல் என்றால் முழுப் பழமாக எடுக்காமல் செங்காயாக, அதாவது பாதி பழுத்ததாக எடுங்கள். ரசத்துக்கு நாட்டுத் தக்காளி, கிரேவிக்கும் சாலடுக்கும் பெங்களூர்த் தக்காளி. இதில் எந்தக் கடைக்காரர் சொல்வதையும் கேட்க வேண்டாம், அவரிடம் எது அதிகம் தேங்கியிருக்கிறதோ அதைத்தான் நல்லது என்பார்.

தக்காளி விலையை முன்கூட்டியே கணக்குப் போட்டு வைக்காதீர்கள். 2023 ஜூலையில் மொத்த விலையே கிலோ 100 ரூபாயைத் தாண்டி ஓடியது. அதே தக்காளியை விலை கட்டாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போன வருடங்களும் உண்டு. இரண்டு நாள் மழையில் வரத்து பாதியானால் விலை ஒரே ராத்திரியில் ஏறிவிடும். "இன்னைக்கு வரத்து எப்படி?" என்று இரண்டு கடையில் கேளுங்கள். "எவ்ளோ?" என்று ஆரம்பிப்பதைவிட இப்படி ஆரம்பித்தால் உங்களுக்கு விஷயம் தெரியும் என்று நினைத்து நியாயமான விலையிலேயே தொடங்குவார்கள்.

மற்ற காய்களைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. பீன்ஸை ஒடித்தால் சத்தம் வர வேண்டும், வெண்டையின் நுனி முறிய வேண்டும், கத்தரிக்குக் காம்பு பச்சையாக இருக்க வேண்டும். இது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கே தெரியும். ஊட்டி கேரட் விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. அது கழுவித்தான் வருகிறது. ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வீட்டில் வைத்தால் மறுநாளே வழவழப்பாகிவிடும். வந்ததும் பிரித்துத் துணியில் பரப்பிவிடுங்கள். சின்ன வெங்காயத்தை மூக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பாருங்கள், ஊசல் வாடை அடித்தால் வேண்டாம். கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலையை அங்கே வாங்காமல் விசேஷத்தன்று காலையில் தெருக்கடையில் வாங்குவதே மேல்.

பாதையில் கூறு கட்டி வைத்து விற்கிறார்களே, அது மலிவுதான். ஆனால் அது மூட்டை பிரிக்கும்போது சிந்தியது, கழித்துப் போட்டது, அடிபட்டது. வீட்டுக்கு வாங்கலாம். 80 பேர் சமையலுக்கு உட்கார்ந்து கழிவு நீக்க யாருக்கும் பொழுதிருக்காது.

இனி பூ. இதற்காகத்தான் போகிறோம்.

பூ வளாகத்தில் கவனிக்க வேண்டியது விலை மட்டும் இல்லை, பூவின் வயசு. மல்லிகை மொட்டை வெயில் ஏறுவதற்கு முன் விடியற்காலையில் பறிக்கிறார்கள். அன்று சாயங்காலம் அது மலரும். மதுரையிலிருந்து சென்னைக்கு 460 கிலோமீட்டர். காலையில் பறித்த மொட்டு அதே நாள் காலை 4 மணிக்கு இங்கே இருக்க வழியே இல்லை. ஆக, விடியற்காலையில் தெற்கத்திச் சரக்கு என்று நீங்கள் பார்ப்பது நேற்றுப் பறித்து, ஐஸ் வைத்த பெட்டியில் ராத்திரிப் பயணம் வந்த மொட்டு. அதில் தப்பில்லை, குளிர்ச்சியில் இருக்கும் வரை மொட்டாகவே இருக்கும். வெளியே எடுத்துச் சூடு பட்டதும் விரிய ஆரம்பிக்கும். காலை 10 மணிச் சடங்குக்கு அன்றைக்கே 5 மணிக்கு வாங்கினால் பெண்ணின் தலையில் வைக்கும்போது சரியான பதத்தில் இருக்கும். முந்தைய நாள் காலையிலேயே வாங்கி வைத்தால் அன்று இரவே மலர்ந்து, விசேஷத்தன்று காலையில் வாடிப்போய் நிற்கும். காயை முந்தைய நாள் வாங்கலாம், மல்லிகையை வாங்கக் கூடாது. பலர் இரண்டையும் ஒரே நடையில் முடிக்கப் பார்த்துப் பூவைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

மொட்டை எப்படிப் பார்ப்பது? ஒரு கை அள்ளி உள்ளங்கையில் பரப்புங்கள். வெள்ளை வெளேரென்று, குண்டாக, காம்பு பச்சையாக இருக்க வேண்டும். இதழ் ஓரத்தில் மஞ்சளோ பழுப்போ தெரிந்தால் பழசு, அல்லது ஐஸ் நேரடியாகப் பட்டுப் பொசுங்கியது. அப்புறம் கையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு உள்ளங்கையைப் பாருங்கள். சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தால் நீங்கள் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கப் போகிறீர்கள். பூவுக்குத் தண்ணீர் தெளிப்பது வாடாமல் இருக்கத்தான், ஆனால் தராசில் வைப்பதற்குச் சற்று முன் தெளிக்கிற கைகளும் உண்டு. "அக்கா, உதறிட்டு நிறுங்க" என்று சொன்னால் போதும். முகம் சுளித்தாலும் உதறிவிட்டுத்தான் நிறுப்பார்கள்.

எல்லாக் கடையிலும் "மதுரை மல்லி" என்றுதான் சொல்வார்கள். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்தப் பெயருக்கு மதிப்பு இருக்கிறது, அதனால் எல்லா மல்லியும் மதுரையாகிவிட்டது. நிலக்கோட்டை, சத்தியமங்கலம், திருவள்ளூர் மாவட்டத்து மல்லிகளும் வருகின்றன. இவற்றிலும் நல்ல பூ உண்டு. வளைகாப்புக்கு ஊர்ப்பெயர் முக்கியமில்லை, கெட்டியான இதழும் வாசமும் இருந்தால் சரி. உஷாராக இருக்க வேண்டியது காக்கடா என்கிற பூவிடம். மல்லி விலை ஏறுகிற நாட்களில் கட்டின சரத்தில் காக்கடாவைக் கலந்துவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளையாக ஒன்றுபோலவே இருக்கும். கிட்டே பார்த்தால் மொட்டு ஒல்லியாக, நீளமாக இருக்கும், வாசம் கிடையாது. அலங்காரத்துக்கு, வாசல் தோரணத்துக்கு அது நன்றாகவே உழைக்கும், விலையும் குறைவு. தலையில் வைக்கிற பூவில்தான் கலக்கக் கூடாது.

உதிரிப் பூவாகக் கிலோவில் வாங்கினால் மலிவு. ஆனால் கட்டுவதற்கு வீட்டில் ஆள் இருக்கிறதா? ஒரு கிலோ மொட்டு என்பது ஒரு பெரிய பை நிறைய இருக்கும். வாழைநாரில் பழகிய கை கட்டினாலே நேரம் பிடிக்கும், விசேஷத்தன்று காலையில் அதற்கு யாரும் உட்கார மாட்டார்கள். இதற்கு ஒரே வழி, காய் வாங்கப் போகிற முந்தைய நாளே பூ வளாகத்துக்கும் போய், சரம் கட்டுகிற கடையில் முன்பணம் கொடுத்து, "நாளைக்கு அஞ்சரைக்கு வரேன், இத்தனை முழம் மல்லி, நெருக்கமா கட்டி வைங்க" என்று சொல்லிவிட்டு வருவது. எத்தனை முழம் என்பதோடு எவ்வளவு நெருக்கம் என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே தொங்குகிற சரங்களில் ஒன்றைத் தொட்டு "இந்த மாதிரி" என்று காட்டிவிடுங்கள். தளரக் கட்டினால் கால் கிலோவிலும் முழம் முழமாக வரும், தலையில் வைத்தால் நாரும் தெரியும். முழம் என்பது விற்கிறவர் கையைப் பொறுத்தது, அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.

பூ ஜடைக்கும் மாலைக்கும் இதே ஏற்பாடுதான். ஜடைக்குத் தேவையான நீளத்தை நூலில் அளந்து கொண்டுபோனால் நல்லது. மாலைக்கு ரோஜா என்றால் எந்த ரோஜா என்று கேளுங்கள். பன்னீர் ரோஜாவுக்கு வாசம் உண்டு, ஆனால் இதழ் சீக்கிரம் உதிரும். மாலை போட்டுப் படம் எடுத்து முடிக்கிற வரைக்கும் தாங்க வேண்டும் என்றால் ஓசூர் பக்கத்திலிருந்து வருகிற ரோஜா மேல். பன்னீர் ரோஜாவை உதிரியாகக் கொஞ்சம் வாங்கித் தாம்பாளத்தில் பரப்பிக்கொள்ளலாம். சம்பங்கி கலந்த மாலை குறைந்த செலவில் பார்க்க நிறைவாக இருக்கும். கனகாம்பரம் கேட்கிற பாட்டிமார் இருந்தால் கால் கிலோ போதும். இறகு மாதிரி எடையே இல்லாத பூ அது, அதனால்தான் கிலோ விலையைக் கேட்டால் தூக்கிவாரிப்போடும். ஈரத்துணியில் சுற்றி வைக்காவிட்டால் ஒரு மணி நேரத்தில் சுருங்கிவிடும்.

சாமந்தி, செண்டுமல்லி இரண்டும் கெட்டிப் பூ. முந்தைய நாளே வாங்கி, கூடையில் பரப்பி, ஈரத்துணி மூடி, காற்றோட்டமான இடத்தில் வைத்தால் ஒன்றும் ஆகாது. கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்துச் சாமந்தி மூட்டையாக வந்து இறங்கும். மூட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள், உள்ளே சூடாக இருந்தால் பூ வேக ஆரம்பித்துவிட்டது என்று பொருள், வேறு மூட்டை கேளுங்கள்.

எந்த மாதத்தில் விசேஷம் வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பூச்செலவு பல மடங்கு மாறும். மல்லிகை வெயில் காலத்துப் பூ. பங்குனி, சித்திரையில் கொட்டும், விலை இறங்கும். கார்த்திகை, மார்கழிப் பனியில் விளைச்சல் படுத்துவிடும். அதிலும் தை பிறந்து முகூர்த்தம் ஆரம்பிக்கும்போது வரத்து குறைவு, தேவை அதிகம் என்று இரண்டும் சேர்ந்துகொள்வதால் கிலோ ஆயிரக்கணக்கில் போகும். உங்கள் நாள் தையில் விழுந்தால் மல்லியைத் தலையில் வைக்க மட்டும் என்று ஒதுக்கிவிட்டு, மற்ற எல்லாவற்றுக்கும் சாமந்திக்கும் சம்பங்கிக்கும் போய்விடுங்கள். வெள்ளிக்கிழமைக்கு முந்தைய நாள், அமாவாசை, முகூர்த்த நாட்களிலும் பூ விலை ஏறும். ஆயுத பூஜை, பொங்கல் சமயத்தில் வளாகத்திலேயே கரும்பு, மஞ்சள் கொத்து, பொரி, பூசணிக்காய் என்று சிறப்புச் சந்தை போடுவார்கள். அந்த வாரம் நம் வேலைக்காக அங்கே நுழையவே கூடாது, வண்டி நகராது. புரட்டாசியில் பாதி ஊர் கறி மீன் சாப்பிடாததால் காய்கறி விலை கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

வாழையிலை கட்டாகத்தான் வரும். தலைவாழை இலை வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நடுத்துண்டும் அடித்துண்டும் கலந்த கட்டைத் தருவார்கள். டிபனுக்கு அது போதும், விருந்துக்குப் போதாது. கட்டின் மேல் இலையையும் அடி இலையையும் பார்த்துப் பயனில்லை, இரண்டும் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். நடுவில் விரலை விட்டுப் பிரித்துப் பாருங்கள். மடிப்பில் கறுப்புக் கோடு விழுந்திருந்தால், மஞ்சள் பூத்திருந்தால் அந்தக் கட்டு இரண்டு நாள் பழசு. 80 பேருக்கு 100 இலை வாங்குங்கள். கிழிசல் போக, கடைசி நேரத்தில் வருகிற விருந்தாளிகளும் இருப்பார்கள். இலை மேல் தண்ணீரை ஊற்றிப் பையில் கட்டி வைக்கிற பழக்கம் சிலரிடம் உண்டு, அது அழுகத்தான் செய்யும். நிழலில் வைத்து, மேலே ஈரச் சாக்கு போட்டால் போதும். வாசலில் கட்ட வாழை மரம் வேண்டுமென்றால் அங்கேயே ஜோடியாகக் கிடைக்கும், ஆனால் அதற்கேற்ற வண்டி வேண்டும்.

வண்டி என்றதும் சொல்ல வேண்டியது. மெட்ரோ வழக்கமாகக் காலை 5 மணிக்குத்தான் ஓடத் தொடங்கும். விசேஷத்தன்று பூ வாங்க ஒரே ஆள் போவதற்குச் சரி. கோயம்பேடு ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும். கட்டின பூவை மெட்ரோவிலேயே கொண்டுவரலாம், ஏசியில் வாடாமலும் இருக்கும். காய் மூட்டையோடு அதில் ஏற நினைக்காதீர்கள். காய்க்கும் இலைக்கும் ஆட்டோவோ குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியோ பேசிக்கொள்ளுங்கள், கூடுமானால் உங்கள் தெருவிலிருந்தே பேசிக் கூட்டிப் போங்கள். அங்கே வெளியே நிற்கிற வண்டிக்காரர் உங்கள் கையில் இருக்கிற மூட்டையைப் பார்த்துத்தான் வாடகை சொல்வார். பக்கத்துத் தெரு வரைக்கும் என்றால் மீன்பாடி வண்டியும் (மூன்று சக்கரச் சரக்கு வண்டி) கிடைக்கும்.

உள்ளே நடக்கும்போது காது திறந்திருக்கட்டும். "ஓரம், ஓரம்" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தால் திரும்பிப் பார்க்காமல் முதலில் ஒதுங்குங்கள். தலையில் சும்மாடு வைத்து மூட்டை சுமந்து வருகிறவரால் சட்டென்று நிற்க முடியாது, கழுத்தைத் திருப்பி உங்களைப் பார்க்கவும் முடியாது. மூட்டைக் கணக்கில்தான் அவருக்குக் கூலி. செல்போனில் படம் எடுத்துக்கொண்டு நடுவழியில் நிற்கிறவர்கள் மேல் அவருக்கு வருகிற கோபம் எனக்கு நியாயமாகத்தான் படும். தரை மழை இல்லாத நாளிலும் சொதசொதவென்று இருக்கும், கோஸ் இலை வழுக்கும். பழைய ரப்பர் செருப்பு போடுங்கள், வெள்ளை வேட்டி வேண்டாம். ஜிபே எல்லாக் கடையிலும் உண்டு, ஆனால் கூட்ட நேரத்தில் சுற்றிக்கொண்டே நிற்கும், 100, 50 ரூபாய் நோட்டாகக் கொஞ்சம் பணம் வைத்திருங்கள். முதல் போணி நேரத்தில் ரொம்பக் கீழே இறங்கிப் பேரம் பேசினால் மனஸ்தாபம் வரும். வாங்குகிற எண்ணம் இருந்தால் மட்டும் விலை கேளுங்கள்.

ஆக, உங்கள் விசேஷத்துக்கு நான் சொல்கிற ஏற்பாடு இதுதான். முந்தைய நாள் காலை 5 மணிக்கு இரண்டு பேர் வண்டியோடு போங்கள். முதல் வேலையாகப் பூ வளாகத்தில் சரம், மாலை, ஜடைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, சாமந்தி வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் காய், கடைசியாக இலை, ஏனென்றால் இலையைத் தூக்கிக்கொண்டு அலைந்தால் கிழியும். 7 மணிக்குள் கிளம்பிவிடுங்கள், அதற்கு மேல் பூந்தமல்லி நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள். மறுநாள் விடியற்காலையில் வீட்டில் ஒரு பையன் பைக்கிலோ மெட்ரோவிலோ போய்க் கட்டின பூவை மட்டும் எடுத்து வரட்டும். கிளம்புவதற்கு முன் கடைக்காரருக்கு ஒரு போன் போட்டு, கட்டி முடித்தாரா என்று கேட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள். பூ எடுக்கும்போது ஒரு முழத்தை விரித்து, நடுவில் காக்கடா இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டு மீதிப் பணம் கொடுக்கச் சொல்லுங்கள்.